பெட்ரோல் போதாமல் இருமும் பழைய கார்

பெட்ரோல் குறைந்தால் சூடும் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுப்பில் விறகை இழுத்துவிட்டால் உலை அடங்குகிறது. விளக்கில் திரியை இறக்கினால் சுடர் தணிகிறது. ஆனால் மோட்டார் கார் இஞ்சினிடம் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குப் போகும் பெட்ரோல் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் அது இருமுகிறது, திணறுகிறது, அதோடு விடாமல் கொதிக்கவும் செய்கிறது! கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

காரணம் இதுதான். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இதைவிடக் காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் அந்தக் கலவையை மெக்கானிக்குகள் ‘லீன்’ என்பார்கள். பெட்ரோல் கூடினால் ‘ரிச்’. கார் மேடேறும்போதும் வேகம் பிடிக்கும்போதும் கலவை கொஞ்சம் ரிச்சாகவே இருக்கும்படி இஞ்சினைச் செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள். கூடுதலான பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கூடுதல் கிடைக்காதபோது குளிர்ச்சியும் போய்விடுகிறது. லீன் கலவை மெதுவாக எரிவதால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்தில்கூட நெருப்பு அணையாமல் இருக்கும். அந்த வெப்பம் முழுவதும் வால்வின் தலையில்தான் விடியும்.

கார்பரேட்டர் வைத்த காராக இருந்தால் ‘ஜெட்’டை மாற்று, ஊசியைத் திருகு என்று யாராவது வழி சொல்லிவிடுவார்கள். பெட்ரோலை மின்சாரத்தால் பீச்சும் பழைய கார் என்றால்தான் சங்கடம். இந்த வகையில் முதன்முதலாகப் பெரும் எண்ணிக்கையில் வெளிவந்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் 1600. ஆண்டு 1967. அதில் இருந்த பாஷ் கம்பெனியின் சாதனத்துக்கு ‘டி-ஜெட்ரானிக்’ என்று பெயர். இன்று அந்தக் கார்கள் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவற்றைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி எதிர்ப்படும் வியாதி இந்த ‘லீன்’தான்.

அன்னாசிப் பழமும் புகைமூட்டமும்

ஜெர்மனிக்காரர்கள் இந்த நூதன சாதனத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கே கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் எதனால் வருகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர்! மோட்டார் கார்கள் எரிக்காமல் விட்ட பெட்ரோல் ஆவியும், நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களும் வெயிலில் கலந்து அந்தப் புகையை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். முதலில் கலிபோர்னியா சட்டம் போட்டது. 1968-ம் வருஷத்து மாடல்களிலிருந்து நாடு முழுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் கார் விற்க வேண்டுமானால் பெட்ரோலை அளந்துதான் ஊற்ற வேண்டும் என்ற நிலைமை.

யோசனைக்கு மூலம் அமெரிக்காவேதான் என்பது வேடிக்கை. அங்கே பெண்டிக்ஸ் கம்பெனி 1957-லேயே ‘எலெக்ட்ரோஜெக்டர்’ என்று ஒன்றை அறிவித்தது. கிறைஸ்லர் கம்பெனி தன்னுடைய 1958 மாடல்களில் சில டஜன் கார்களில் மட்டும் அதைப் பொருத்திப் பார்த்தது. சரிப்படவில்லை. பெரும்பாலானவற்றில் அதைக் கழற்றிவிட்டுக் கார்பரேட்டரைப் போட்டார்கள். பெண்டிக்ஸின் காப்புரிமைகளை வாங்கிப் பயன்படுத்தி, பத்து ஆண்டுக்குள் ஓடுகிற பொருளாக்கிக் காட்டியவர்கள் பாஷ் கம்பெனியார். பிறகு ஃபோர்ஷே 914, வோல்வோ 1800 ஈ, சிட்ரோன் டி.எஸ். 21, மெர்சிடிஸ் 280 எஸ்.இ. 3.5 என்று பல கார்களில் அது ஏறியது.

கம்ப்யூட்டர் அல்ல

டி-ஜெட்ரானிக்கின் மூளை ஒரு தகரப் பெட்டி. அதில் இன்றைய காரில் உள்ளது போன்ற கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால் தெரியும் சாமான்களே அதற்குள்ளும் இருக்கின்றன. அது கேட்கும் கேள்விகளும் சொற்பம். இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது? எவ்வளவு சூடாக இருக்கிறது? உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடு? ஆக்ஸிலேட்டர் அசைகிறதா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, காற்றுக் குழலுக்குள் அழுத்தம் எவ்வளவு?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் உலோக உருளை உண்டு. ‘டி’ என்ற எழுத்தே ‘அழுத்தம்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்துத்தான். உருளைக்குள் காற்றை உறிஞ்சி எடுத்த சிறு தகட்டுச் சிமிழ்கள் இருக்கும். பாரோமீட்டரில் இருப்பது போல அழுத்தத்துக்குத் தக்கபடி அவை சுருங்கி விரியும். விரிந்தால் பெட்டி பெட்ரோலைக் குறைக்கும், சுருங்கினால் கூட்டும். ‘இஞ்செக்டர்’ என்ற நான்கு பீச்சாங்குழல்களை ஒவ்வொரு தடவையும் ஆயிரத்தில் சில பங்கு விநாடி திறந்து மூடுவதோடு பெட்டியின் வேலை முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று எவ்வளவு வருகிறது என்று இந்தச் சாதனம் அளப்பதே இல்லை. அழுத்தத்தைப் பார்த்து ஊகிக்கிறது. லீன் வியாதியைத் தேடுகிறவர்கள் வழி தவறிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காற்று ஒழுகினால் என்ன ஆகும்?

‘லீன்’ என்றதும், “எங்கேயோ காற்று ஒழுகுகிறது” என்பது மெக்கானிக்குகளின் முதல் வாக்கு. 1973-ல் பாஷ் கம்பெனியே கொண்டுவந்த ‘கே’, ‘எல்’ ஜெட்ரானிக் சாதனங்களுக்கு அது உண்மை. அவற்றில் வாசலிலேயே ஒரு தட்டோ மடலோ நின்று உள்ளே போகும் காற்றை அளக்கும். அதைத் தாண்டி வெடித்த ரப்பர் வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது. கணக்கில் வராத காற்றுக்குப் பெட்ரோல் கிடையாது. எனவே கலவை லீன். அவற்றில் பல கார்களில் இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தாலே போதும், இஞ்சின் தடுமாறும். தடுமாறாவிட்டால் வேறு எங்கோ ஏற்கெனவே ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம்.

டி-ஜெட்ரானிக்கில் நடப்பது வேறு. குழலில் ஒழுக்கு இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். உருளை அதை உணர்ந்து பெட்டிக்குச் சொல்லும். பெட்டி இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பீச்சும். ஆகவே ஐட்லிங் வேகம் ஏறுமே தவிர, கலவை அவ்வளவாக லீன் ஆகாது. உருளைக்குப் போகும் மெல்லிய ரப்பர்க் குழாயே கழன்றுவிட்டால் லீன் அல்ல, படு ரிச்! ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்திருப்பதாக எண்ணிக்கொண்டு பெட்டி பெட்ரோலைக் கொட்டும்; பின்னால் கரும்புகை கிளம்பும்.

ஆகவே இந்தக் காரில் லீன் வியாதிக்காக வாரக் கணக்கில் காற்று ஒழுக்கைத் தேடுவது பெரும்பாலும் வீண். ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு சிலிண்டருக்கு மட்டும் போகும் கிளைக் குழாயின் ரப்பர் வெடித்திருந்தால், அந்தச் சிலிண்டருக்குக் காற்று அதிகம். பெட்ரோல் மட்டும் எல்லோருக்கும் பொதுவான அளவு. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று ஒரு நிறமாகவும் ஒன்று மட்டும் சுண்ணாம்பாகவும் இருந்தால் அந்த ஒன்றின் கிளையைத் தேடலாம். சூடான இஞ்சின்மேல் எரியக்கூடிய திரவத்தை ஸ்பிரே அடித்து ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது காரோடு கொட்டகையையும் கொளுத்தும் வழி. குழலுக்குள் புகையைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது நல்ல முறை.

முதலில் காது, பிறகு கேஜ்

இஞ்சின் திணறியதும் அந்தத் தகரப் பெட்டியின் மேல் பழி போடுவதுதான் எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. உள்ளே இருப்பது புரியவில்லை என்பதே அது குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகி விடுகிறது! நான் கேட்டால், கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது பெட்டிதான் என்பேன். அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய சாமானிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெட்ரோல் பம்ப் ஒன்று ஒன்றரை விநாடி ‘ஙொய்’ என்று ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் பியூஸ், ரிலே, ஒயர் என்று தேட வேண்டும். சத்தம் வந்தால் பம்ப் ஓடுகிறது என்று மட்டுமே அர்த்தம். போதுமான அழுத்தம் தருகிறது என்று அர்த்தமல்ல. அதற்குப் பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜ் ஒன்றை இணைத்துப் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் 1600-ல் சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு அளவில் முள் நிற்க வேண்டும்.

இதில் சிறிது குறைந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பீச்சாங்குழல் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்றுதான் பெட்டி முடிவு செய்கிறது; எவ்வளவு பெட்ரோல் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. விழும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 28 பவுண்டு 20 ஆக இறங்கினால் ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கு பெட்ரோல் குறையும். ஒன்றுக்குப் பதினான்கே முக்கால் என்று இருக்க வேண்டிய காற்றின் விகிதம் பதினேழைத் தாண்டிவிடும். அங்கேதான் இருமலும், காற்றுக் குழல் வழியாகத் திருப்பி வெடிப்பதும், சீரான வேகத்தில் போகும்போது யாரோ கயிறு கட்டிப் பின்னால் இழுப்பது போன்ற தயக்கமும் ஆரம்பமாகின்றன.

கேஜ் குறைவாகக் காட்டினால் குற்றவாளி பம்பா, ரெகுலேட்டரா? இதற்கு ஓர் அருமையான சோதனை உண்டு. மிச்சமாகும் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பிப் போகும் ரப்பர்க் குழாயை ஒரு கணம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் போதும். முள் விருட்டென்று ஏறினால் பம்பில் பலம் இருக்கிறது, ரெகுலேட்டர்தான் தளர்ந்துவிட்டது. அதில் ஒரு திருகாணி உண்டு. திருகி 28-க்குக் கொண்டுவரலாம். முள் ஏறவில்லை என்றால் அடைபட்ட பில்டர், டாங்கியின் துரு, களைத்துப்போன பம்ப் இவற்றில் ஒன்று. பில்டரை மாற்றுவது அரைமணி நேர வேலை. அதைச் செய்யாமல் பெட்டியை விலைக்குத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

அடுத்தபடியாக மின்சார இணைப்புகள். ஜெர்மன் கார்களில் எர்த் ஒயர்கள் பழுப்பு நிறம். இஞ்சின் உடலில் முடுக்கியிருக்கும் அவற்றைக் கழற்றி, துருவைச் சுரண்டி மறுபடி முடுக்கினால் பாதி மர்மங்கள் தீர்ந்துவிடும். இஞ்சின் தலையில் இருக்கும் சூட்டு உணரியையும் பார்க்க வேண்டும். இளஞ்சூட்டில், அதாவது 20 டிகிரி சென்டிகிரேடில், அதன் மின்தடை சுமார் 2,500 ஓம். இஞ்சின் நன்றாகச் சுட்டபின் இருநூறுக்கும் கீழே போய்விடும். அதன் ஒயர் தேய்ந்து இஞ்சின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் தடை பூஜ்யம். “இஞ்சின் நெருப்பாய்ச் சுடுகிறது” என்று பெட்டி எண்ணி, பனிக் காலத்துக் காலையிலும் பெட்ரோலைக் குறைத்துவிடும். ஒயர் அறுந்தே போனால் விளைவு நேர்மாறு. உலகமே உறைந்துவிட்டதாக எண்ணிப் பெட்ரோலில் முழுக்காட்டும்.

இந்த உணரியின் ஒயரில் வேண்டுமென்றே ஒரு சிறு தடையைக் கோர்த்து, இஞ்சினைக் குளிர்ச்சியாக நினைக்கவைத்து, கலவையை ரிச்சாக்குகிறவர்கள் உண்டு. சில சமயம் நியாயம். பல சமயம் நோயை மறைக்கும் கஷாயம். பெட்ரோல் அழுத்தம் சரியா என்று பார்க்காமல் இதைச் செய்வது கூடாது.

அழுத்த உருளையும் வயதானால் கெடும். அதன் சிமிழில் காற்று புகுந்துவிட்டால் சுருங்க வேண்டிய நேரத்திலும் உப்பியே இருக்கும். கலவை எப்போதும் லீன். புதிய உருளை செய்வார் இல்லை. பழையதைப் பிரித்துச் சரிபார்க்கும் கைகள் சில இருக்கின்றன. வெளியே தெரியும் திருகை ‘கொஞ்சம் திருப்பிப் பார்ப்போமே’ என்று தொட்டவர்கள் மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாமல் விழிப்பார்கள். பீச்சாங்குழல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருஷக் கணக்கில் நின்ற காரில் அவற்றின் வாய் பிசினாக அடைந்திருக்கும். நான்கையும் நான்கு அளவுக் குவளைகளில் பீச்சவிட்டு ஒப்பிட்டால் எது கஞ்சன் என்று தெரிந்துவிடும். சோதிக்கிறேன் என்று 12 வோல்ட் பாட்டரியை நேரே இணைத்து வைத்திருந்தால் உள்ளே சுருள் கருகிவிடும்.

பொய் சொல்லும் கருவி

1976-ல் வோல்வோ கம்பெனி எக்ஸாஸ்ட் குழாயில் ஆக்ஸிஜனை மோந்து பார்க்கும் உணரியைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த கார்கள் தாமாகவே கலவையைத் திருத்திக்கொள்ளக் கற்றன. 1973-லேயே உற்பத்தி நின்ற ஃபோக்ஸ்வேகன் 1600-க்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஆனால் இன்று அந்த உணரியைத் தனியாக வாங்கிப் பழைய காரின் எக்ஸாஸ்ட் குழாயில் பொருத்தி, கலவை விகிதத்தை எண்ணாகவே படிக்கலாம். ஸ்பார்க் பிளக்கின் நிறத்தை மட்டும் நம்பிய காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய வரப்பிரசாதம். ஈயம் கலக்காத இன்றைய பெட்ரோலில் பிளக்குகள் எப்போதுமே சற்று வெளுத்துத்தான் தெரிகின்றன.

ஆனால் இந்தக் கருவியும் ஏமாற்றும். அது பார்ப்பது பெட்ரோலை அல்ல, மீந்த ஆக்ஸிஜனை. எக்ஸாஸ்ட் குழாயின் இணைப்பில் விரிசல் இருந்து வெளிக்காற்று நுழைந்தால், லீன் என்று சொல்லும். ஒரு பிளக்கில் பொறியே வராமல் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும், அதன் ஆக்ஸிஜன் முழுவதும் வெளியே வந்து, அப்போதும் லீன் என்று காட்டும். அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டுகிறவர் எரியாத பெட்ரோலைத்தான் கூட்டுகிறார். ஆகவே பிளக், ஒயர், பிளாட்டினம் பாயிண்ட், டைமிங், வால்வு இடைவெளி எல்லாம் சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகே கருவியின் எண்ணை நம்பலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் லீன்!

அழுத்தம் 28-ல் நிற்கிறது, உணரிகள் சரி, எர்த் சுத்தம், எக்ஸாஸ்டில் விரிசல் இல்லை. அப்படியும் கார் லீனாக ஓடுவது உண்டு. காரில் குறை இல்லை. காலம் மாறியதுதான் காரணம்.

அமெரிக்காவில் இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் உண்டு. அந்தக் கலப்புப் பெட்ரோலுக்கு 14.7 அல்ல, 14.1 அளவு காற்றே போதும். பழைய அளவில் பீச்சும் இஞ்சினுக்கு இது நூற்றுக்கு நான்கு பங்கு லீன். இரண்டாவது காரணம், ரிப்பேரின்போது பலர் 85.5 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 87 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டிருப்பார்கள். 1,584 சி.சி. இஞ்சின் 1,641 சி.சி. ஆகிவிடும். அதே அழுத்தத்தில் இஞ்சின் இழுக்கும் காற்று கூடிவிடுகிறது. அழுத்தத்தை மட்டும் பார்க்கும் பெட்டியோ, பழைய 1,584-க்கே பரிமாறுகிறது. சின்னப் பையனுக்கு அளந்த சோற்றைப் பெரிய பையனுக்கு வைத்த கதை! இதில் மூன்றரைப் பங்கு. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய எட்டுப் பங்கு. ஏற்கெனவே கையிறுக்கமாக அளந்து வைத்த இஞ்சினுக்கு இது பெரிய பற்றாக்குறை. இப்படிப்பட்ட காரில் பெட்ரோல் அழுத்தத்தைச் சற்றே உயர்த்துவதோ, மேலே சொன்ன சிறு தடையைக் கோர்ப்பதோ நியாயமான வைத்தியம். எட்டுப் பங்கு பெட்ரோல் கூட வேண்டுமானால் அழுத்தம் 28-லிருந்து 33-க்கு அருகில் போக வேண்டும் என்று அதே வர்க்கமூலக் கணக்கு சொல்லும். பம்ப் அதைத் தாங்குகிறதா என்று கேஜைப் பார்த்தபடியே திருக வேண்டும்.

பொறுமையில்லாதவர்கள் வேறு வழியில் போனார்கள். சாதனம் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கார்பரேட்டர்களை மாட்டிக்கொண்டார்கள். கார் ஓடத்தான் செய்கிறது. ஆனால் கழற்றி எறிந்த அழுத்த உருளைகளையும் பெட்டிகளையும் தேடித்தான் இன்று மற்றவர்கள் பழைய சாமான் கடைகளில் அலைகிறார்கள்.

வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கார்பரேட்டரில் பெட்ரோல் ஒழுகினால் சொட்டும்; இங்கே 28 பவுண்டு அழுத்தத்தில் பீறிட்டு அடிக்கும். எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். டாங்கி முன்னால், இஞ்சின் பின்னால். இடையில் காரின் முழு நீளத்துக்கும் குழாய். கலவையைச் சரிசெய்ய எடுத்த கேஜைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால், எல்லா ரப்பர் ஹோஸ்களையும் அழுத்தம் தாங்கும் புதிய ஹோஸாக மாற்றி, கிளிப்புகளைப் புதிதாகப் போட்டு, இஞ்சின் ஓடும்போது ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும். விரலில் ஈரம் பட்டால் சாவியை அணைத்துவிட்டு மறுபடி முடுக்குங்கள்.